பேர் கேட்டு வந்தவள்

பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து மலையைத் தாண்டி, ஹோக்னியும் அவர் மகள் ஸ்வாலாவும் ரெய்க்யவிக் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியதோடு போன வாரம் விட்டோம். இறங்கியவர்களுக்கு நல்ல சேதி எதுவும் காத்திருக்கவில்லை.

ஸ்வாலாவின் அண்ணி டாக்னிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ஒருவழியாக நிறுத்தி, மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். அண்ணன் ஸ்டெய்னார் வடகடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். புயலில் கப்பலோடு பேச்சே இல்லை. பிறந்த பெண்குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் மணிக்கட்டுப் பட்டையில் 'டாக்னியின் பெண்' என்று எழுதியிருந்தது.

பேர் ஏன் எழுதவில்லை என்று எங்கள் நாட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கேட்டு, எல்லார் முன்னாலும் சொல்கிறவரை குழந்தையின் பேர் பெற்ற இருவரோடு நிற்க வேண்டும். கூடப் பிறந்தவர்களிடம்கூட மூச்சுவிடக் கூடாது. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை பேசித் தீர்க்கிற ஜனங்கள்தான் நாங்கள். இந்த ஒன்றில் மட்டும் வாயைத் தைத்துக்கொள்வோம். நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

காலையில் டாக்டர் வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கிச்சு. மத்தியானத்துக்குள்ள வயித்தைத் திறந்தாகணும்."

"பிழைச்சிடுமா?" என்றார் ஹோக்னி.

"திறக்காம விட்டா பிழைக்காது. திறந்தா... சின்ன உடம்பு. இப்ப வாக்குக் குடுக்க முடியாதுங்க."

ஹோக்னி தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார்.

"டாக்டர், பேர் வெக்க நேரம் இருக்கா?"

டாக்டரும் எங்கள் ஆள்தானே. ஒரு நிமிஷம் கீழே பார்த்தார். "இருக்கு. பாதிரியாரை வரச் சொல்றேன்" என்றார்.

ஹோக்னி ஏன் முதலில் பேரைக் கேட்டார் என்று எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் அவர் மனைவி தோர்கெர்துருக்கும் முதலில் பிறந்தது ஒரு பெண். அது ஒரு பனிக்காலம். பாதிரியார் வர வழி இல்லை. வழி திறப்பதற்குள் குழந்தை போய்விட்டது. கல்லறையில் சின்னதாக ஒரு கல் இருக்கிறது. 'ஹோக்னியின் மகள்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தோர்கெர்துர் அந்தக் கல் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் நிற்பாள். இப்போது அவளும் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். இரண்டுக்கும் சேர்த்து ஹோக்னிதான் ஏற்றுகிறார்.

இன்னொரு பேரில்லாத கல்லை அந்த மனுஷனால் தாங்க முடியாது. ஸ்வாலாவாலும் முடியாது. பெயர் தெரியாத ஒரு அக்காவோடு வளர்ந்தவள் அவள்.

பாதிரியார் ஆஸ்தீஸ் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கறுப்புச் சட்டைக்கு மேல் கையால் பின்னிய கம்பளிச் சட்டை, காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. நோயாளிகளோடு இருந்து இருந்து மெதுவாகப் பேசப் பழகியவள்.

"பெத்தவங்க என்ன பேர் நினைச்சிருந்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

"அதுதான் தெரியாது" என்றாள் ஸ்வாலா.

"தெரியாம என்ன?" என்றார் ஹோக்னி. "மகனோட மூத்த பொண்ணு. அவனோட அம்மா பேர்தான். தோர்கெர்துர். நம்ம வீட்டுல எப்பவும் அப்படித்தான்."

"அப்பா, அண்ணி அந்தப் பேர் வெக்கமாட்டாங்க."

"உன்கிட்ட சொன்னாளா?"

"வெக்கப்போறது எம்ப்ளா."

"சொன்னாளான்னு கேட்டேன்."

"சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெய்னார் கப்பலேறுவதற்கு முன் குழந்தைக்குத் தொட்டில் செய்தான். கரையில் ஒதுங்கிய கட்டையை அறுத்து இழைத்த தொட்டில். 'நம்ம ஆதித்தாயே இப்படி ஒதுங்கின கட்டைதானே' என்று அவன் சொல்ல, டாக்னி சிரித்தாள். அந்த ஆதித்தாயின் பேர்தான் எம்ப்ளா. பிறகு ஒருநாள் ஊர் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும்போது, டாக்னி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள், பாலர் பள்ளியில் எத்தனை எம்ப்ளா இருக்கிறார்கள் என்று. ஸ்வாலா பாலர் பள்ளி டீச்சர். "என் வகுப்புல மட்டும் மூணு. பெரிய எம்ப்ளா, குட்டி எம்ப்ளா, மூக்கொழுகுற எம்ப்ளா" என்றாள். இருவரும் தண்ணீர் சிதறச் சிரித்தார்கள். ஸ்வாலாவுக்கு அன்றே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"எம்ப்ளாவாம், எம்ப்ளா!" என்றார் ஹோக்னி. கரையில் ஒதுங்கும் கட்டையை வேலிக் கம்பமாக அறுத்து விற்கிறவர் அவர். "நான் தினமும் ரம்பத்துல போட்டு அறுக்கிறது எம்ப்ளாவைத்தான். ஊர்ல பாதிப் பிள்ளைங்களுக்கு இப்ப கட்டைப் பேர். என் சின்ன வயசுல அந்தப் பேர்ல ஒருத்தி உண்டா?"

"அப்ப இல்லை, இப்ப இருக்கு. அழகா இருக்கு, வெக்கிறாங்க. தோர்கெர்துர்னா வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

"உங்கம்மா பேரு அது!"

"அம்மாவே சொல்லுவாங்கப்பா, இந்தப் பாரம் என்னோட போகட்டும்னு."

ஆஸ்தீஸ் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "என் கையால எத்தனையோ எம்ப்ளாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சு. தோர், ஃப்ரேயா, பால்டர்னு வரிசையா வர்றாங்க. பழைய சாமிங்க எல்லாரும் கர்த்தர் வீட்டுத் தண்ணியிலதான் குளிக்கிறாங்க. அவரும் ஒண்ணும் சொல்றதில்லை. பிள்ளைக்கு ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சா என்ன?"

"எம்ப்ளாவுக்குப் பின்னால வால் மாதிரி என் பெண்டாட்டி வரமாட்டா" என்றார் ஹோக்னி.

"முன்னால வந்தா அண்ணிக்கு ஆகாது. ஒரே ஒரு பேர்தான், நீட்டி முழக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க" என்றாள் ஸ்வாலா.

அப்பனும் மகளும் ஒரே கட்டையில் அறுத்த இரண்டு பலகை. அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகியிருப்பேன். பாதிரியார் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு" என்று ஹோக்னி மறுபடி ஆரம்பித்தார்.

"அம்மா வந்து கேட்டாங்கப்பா!" ஸ்வாலா கத்தியேவிட்டாள். "அண்ணி கனவுல வந்து கேட்டாங்க. அண்ணி குடுக்கலை. போதுமா?"

நடைவழியில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். டாக்னி அந்தக் கனவை ஸ்வாலாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். செத்துப்போன மாமியார் ஈர பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தாள். டாக்னி காபி ஊற்றிக் கொடுத்தாள். மாமியார் அதைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை. உட்கார்ந்தபடி டாக்னியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கர்ப்பிணியின் கனவில் செத்தவர்கள் வந்து அப்படி உட்கார்ந்தால் பேர் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுத்தால் குழந்தைக்குக் காலம் முழுக்கத் துணை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வாயால் சொல்வதில்லை. 'இந்தக் காலத்துல தோர்கெர்துரா? பிள்ளை பள்ளிக்கூடத்துல அழுதுட்டு வரும்' என்று டாக்னி அன்று சிரித்துவிட்டாள்.

ஹோக்னி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வந்தாளா?" என்றார். பிறகு, "குடுக்கலையா?" என்றார். கடைசியில், யாரிடமும் சொல்லாததுபோல, "அப்ப அதான்" என்றார்.

"எது அதான்?"

"அதான் இப்படி ஆச்சு."

ஸ்வாலாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கோபத்தில் அவளுக்கு அழுகைதான் வரும், சின்ன வயதிலிருந்தே. "அம்மாவா இப்படிப் பண்ணுவாங்க? பேர் குடுக்கலைன்னு சொந்தப் பேத்தி குடலை முறுக்குவாங்களா? இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்துட்டு அம்மாவை இப்படித்தான் நினைச்சிருக்கீங்களா?"

சொன்ன வார்த்தை ஹோக்னியையே சுட்டுவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. மனைவியைச் சந்தேகப்படவும் முடியவில்லை, வழக்கத்தை விடவும் முடியவில்லை. தொப்பியைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆஸ்தீஸ் குனிந்து ஸ்வாலாவிடம் கேட்டாள். "பெத்தவங்க ரெண்டு பேராலயும் பேச முடியலை. அவங்களுக்காகப் பேச யாரைச் சொல்லியிருக்காங்க?"

"என்னைத்தான். அண்ணன் கப்பலேறுறப்ப, டாக்னிக்கு இனி நீதான்னு சொல்லிட்டுப் போனான்."

"அப்ப அவ சொல்றதையே வைங்க" என்றார் ஹோக்னி. எழுந்து ஜன்னல் பக்கம் போய், பனி கொட்டுவதைப் பார்த்தபடி நின்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று ஸ்வாலாவுக்குத் தோன்றவில்லை. கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவள் பாவம், காலையிலிருந்து பத்துக் குடும்பத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவள் போலிருக்கிறது.

"ஆன்டெனா பனிக்கட்டி பிடிச்சு உறைஞ்சு போச்சும்மா. பக்கத்துக் கப்பல்காரங்க தூரத்துல பாத்திருக்காங்க, கப்பலுக்கு ஒண்ணும் இல்லை. காத்து திரும்பினதும் ஏறித் தட்டிவிட்டுடுவாங்க. அதுவரைக்கும் நானே கத்தினாலும் கேக்காது."

"ஒரே ஒரு வார்த்தை அண்ணன்கிட்ட கேக்கணும். குழந்தை பேர்."

"அய்யோ" என்றாள் அவள். "இன்னும் ஞானஸ்நானம் ஆகலையா?"

"இப்பத்தான். ஆபரேஷனுக்கு முன்னால."

"அய்யோ, கண்ணு" என்று மறுபடி சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? உலகத்தில் அந்தப் பேர் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் கடலில், ஒருத்தி மருந்துத் தூக்கத்தில்.

கைகழுவி, அங்கி மாட்டிக்கொண்டு ஸ்வாலா கண்ணாடிப் பெட்டி அருகே போனாள். குழந்தை வெளுத்துப்போய்க் கிடந்தது. வயிறு மட்டும் பானையாட்டம் உப்பியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. குழாய் வழியாக இயந்திரம் மூச்சு கொடுத்தது. தலைமாட்டில் ஒரு பையிலிருந்து யாரோ முகம் தெரியாதவரின் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பாலர் பள்ளியில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு. உலகம் புதுசாக இருந்தபோது மூன்று சாமிகள் கடற்கரையில் நடந்து போனார்கள். கரையில் இரண்டு கட்டை ஒதுங்கிக் கிடந்தது. தெம்பில்லை, எழுதி வைத்த விதி என்று ஒன்றும் இல்லை. ஒரு சாமி மூச்சு கொடுத்தது. ஒரு சாமி புத்தி கொடுத்தது. ஒரு சாமி ரத்தமும் நல்ல நிறமும் கொடுத்தது. கட்டை இரண்டும் எழுந்து நின்றன. ஆண் ஆஸ்க், பெண் எம்ப்ளா. நாமெல்லாம் அவர்கள் பிள்ளைகள். மூக்கொழுகுற எம்ப்ளா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: 'எழுந்து நின்னப்ப அவளுக்கு யார் துணி குடுத்தாங்க டீச்சர்?'

ஸ்வாலா பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டுக் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"மூச்சு குடுத்தாச்சுடி. ரத்தமும் வருது" என்று மெதுவாகச் சொன்னாள். "மிச்சத்தையும் குடுத்துடுவாங்க. நீ எழுந்து நில்லு, போதும். துணியெல்லாம் நான் பின்னி வெச்சிருக்கேன்."

அவளுடைய சந்தேகம் அத்தோடு போயிற்று. அண்ணி விரும்பிய பேர் என்பதற்காக மட்டும் இல்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்து பிழைத்தவளின் பேர் இந்தக் குழந்தைக்கு வேண்டும் என்று அவளுக்கே வெறி வந்துவிட்டது.

ஞானஸ்நானம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டு இல்லை, கேக் இல்லை, வெள்ளை அங்கி இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த அங்கி ஊரில் பெட்டிக்குள் இருந்தது. நர்ஸ் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். ஆஸ்தீஸ் அதை ஹோக்னியிடம் நீட்டினாள்.

"தாத்தா பிடிச்சுக்கட்டும்."

ரம்பம் பட்டுக் காய்த்த இரண்டு கையாலும் ஹோக்னி அதை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்தீஸ் எங்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒருமுறை கேட்கப்பட்ட அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"குழந்தைக்கு என்ன பேர்?"

ஹோக்னியின் உதடு பிரிந்தது. ஸ்வாலா பார்த்தாள். 'தோ' என்று குவிந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"எம்ப்ளா" என்றாள் ஸ்வாலா.

மூன்று தடவை நெற்றியில் ஈர விரல் பட்டது. குழந்தை முகத்தைச் சுளித்தது. நர்ஸ் மணிக்கட்டுப் பட்டையை மாற்றி, புதுப் பட்டையில் கொட்டை எழுத்தில் பேரை எழுதினாள். ஹோக்னி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, அதை ஒருமுறை படித்தார்.

"பேர் இருக்கு" என்றார். "சரி. இவளுக்குப் பேர் இருக்கு."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரட்டைக் கதவு ஆடி ஆடி நின்றது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இதைப்போலக் கையாலாகாத நேரம் வேறு இல்லை. எங்கள் ஆட்கள் பனிப்புயலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டைத் தேடிப் போவார்கள். கடலில் பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைப்பார்கள். ஏதாவது ஒன்றைக் கையால் செய்ய இருந்தால் போதும். இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஹோக்னி கீழே போய்க் காபியும் இரண்டு க்ளைனாவும் வாங்கிவந்தார். எண்ணெயில் பொரித்த முறுக்கிய பலகாரம். தட்டில் அதன் முறுக்கைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே நினைப்பு வந்தது. யாரும் தொடவில்லை.

"பெரியவளுக்கும் நாங்க ஒரு பேர் வெச்சிருந்தோம்" என்றார் ஹோக்னி திடீரென்று.

ஸ்வாலா நிமிர்ந்தாள். "அக்காவுக்கா? நீங்க சொன்னதே இல்லையே!"

"எப்படிச் சொல்றது? பாதிரியார் கேக்கலை. தண்ணி படலை. உங்கம்மாவும் நானும் எங்களுக்குள்ளகூட அதுக்கப்புறம் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது கிடையாது. மெழுகுவத்தி ஏத்துறப்ப அவ உதடு மட்டும் அசையும். நான் பாப்பேன். கேக்கமாட்டேன்."

"என்ன பேர்ப்பா?"

சொல்லமாட்டேன் என்று அவர் தலையை ஆட்டினார். ஸ்வாலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் போட்ட சண்டையை நினைத்து வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே அது வராது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நர்ஸ் வந்து, டாக்னியின் தூக்க மருந்தைக் குறைத்திருக்கிறோம், கண் விழிக்கிறாள், ஒருவர் மட்டும் போகலாம் என்றாள். ஆபரேஷன் விஷயத்தை டாக்டர் வந்து பக்குவமாகச் சொல்வார், அதுவரை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

"நீ போ. நான் அவளுக்கு ஒரு காபி கொண்டுவந்து வாசல்ல நிக்கிறேன்" என்றார் ஹோக்னி. "குடிக்க விடமாட்டாங்க. வாசனையாவது பிடிக்கட்டும்."

டாக்னி தலையணையைவிட வெளுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஸ்வாலாவைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

"குட்டி?"

"இருக்கா" என்றாள் ஸ்வாலா. அது பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது பொய் இல்லை.

"யாரை மாதிரி?"

"உங்க மூக்கு. அண்ணன் காது, பாவம்."

"அவரு பேசினாரா?"

"காத்து திரும்பினதும் பேசுவான்."

டாக்னி கையை அசைத்துக் கிட்டே வரச் சொன்னாள். "ஸ்வாலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரத்தம் போய்க்கிட்டே இருந்தப்ப எனக்கு ஒரே பயம், சாகிறதுக்கு இல்லை. பேரை யார்கிட்டயும் சொல்லாமப் போறேனேன்னுதான். அவரு கடல்ல, நான் இப்படி. பிள்ளைக்கு யார் சொல்லுவா?"

"இப்ப வேண்டாம் அண்ணி. தூங்குங்க."

"வழக்கம் கிடக்கட்டும். உனக்கு மட்டும் தெரியட்டும். குனி."

ஸ்வாலா குனிந்தாள். குனியாமல் இருக்க ஒரு காரணம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

"தோர்கெர்துர்."

ஸ்வாலா நிமிர்ந்து டாக்னியையே பார்த்தாள்.

"முழிக்கிறதைப் பாரு! எனக்குத் தெரியும், நீ இப்படித்தான் முழிப்பேன்னு." டாக்னி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "அத்தை மறுபடி வந்தாங்க. அதே ஈர பூட்ஸ். சரி அத்தை, எடுத்துக்குங்கன்னு சொன்னேன். அப்புறந்தான் அந்தக் காபியைக் குடிச்சாங்க. குடிச்சிட்டு, கோப்பையைக் கழுவி வெச்சிட்டுப் போனாங்க. மறுநாளே அவர்கிட்ட சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு."

"நான்... எம்ப்ளான்னு நினைச்சேன்" என்றாள் ஸ்வாலா.

"முதல்ல ஆசைதான். தொட்டிலுக்குப் பொருத்தமா இருக்குமேன்னு. நீ உன் வகுப்புல மூணு பேர்னு சொன்னியே, அன்னிக்கே விட்டுட்டேன்." சிரிப்பு வந்து, தையல் இழுத்து, டாக்னி முகம் சுளித்தாள். "மூக்கொழுகுற எம்ப்ளா! அய்யோ, சிரிக்கவைக்காத. மாமாகிட்ட மூச்சுவிடாத, தெரியுதா? பாதிரியார் கேட்டு நான் சொல்றப்ப அவர் முகத்தைப் பாக்கணும். அதுக்காகவே எழுந்து நடந்து கோயிலுக்கு வருவேன்."

ஸ்வாலா தலையைத் திருப்பினாள். கதவு பாதி திறந்திருந்தது. ஹோக்னி ஆவி பறக்கும் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது.

டாக்னி பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். அவள் படுத்திருந்த பக்கத்திலிருந்து அது தெரியவில்லை.

அப்பா ஏதாவது சொல்லுங்க, என்னைத் திட்டுங்க என்று ஸ்வாலாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் அசையவில்லை.

நடைவழியில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. பச்சை உடுப்பில், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி ஒரு புது நர்ஸ், ஆபரேஷன் அறைப் பக்கத்திலிருந்து வந்து நின்றாள். கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

"எம்ப்ளாவோட ஆளுங்க யாரு?" என்று உரக்கக் கேட்டாள்.

டாக்னி கண்ணை மூடியபடியே புன்னகைத்தாள்.

"பாத்தியா ஸ்வாலா? இங்கயும் ஒரு எம்ப்ளா. நல்லவேளை நாம வெக்கலை."

ஹோக்னி கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"நாங்கதாம்மா" என்றார். "சொல்லுங்க."